மலையேறிய அங்குலம்



போன தடவை சாமைச் சோற்றைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை திருகாணி. டீச்சருக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்ததே அந்த மரையைப் பற்றித்தான். பதிவு நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

திருகாணியின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே ஒரு பள்ளமும் மேடும், அதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் மரை. பாடப்புத்தகத்தில் நாம் அதைப் புரி என்றோம். திருகு அளவி ஞாபகம் இருக்கிறதா? புரிக்கோல், தலைக்கோல், சுழிப்பிழை என்று பிராக்டிகல் நோட்டில் எழுதி என்னிடம் திட்டும் வாங்கினீர்களே, அதே புரி. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் புரியிடைத் தூரம். இந்தக் கதை முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஆலங்காயத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். (பையன் என்கிறேன், அவனுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள்.) 386 வகைக் கணினி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, மூன்று மாதம் மெனக்கெட்டு உயிர் கொடுத்துவிட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மினுக்மினுக்கென்று வருகிறது. மலையில் ஒரு பள்ளி நூலகத்தில் இதை வைக்க வேண்டும், இன்றைய பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். ஆனால் பெட்டியின் மேல்மூடியைப் பிடிக்கும் ஆறு திருகாணிகளில் ஒன்றுகூட இல்லை.

"போர்டு ஓடுது டீச்சர், டிஸ்க் ஓடுது, மூடிதான் நிக்க மாட்டேங்குது" என்றான்.

மூடி இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து ஏ.டி. வகைப் பெட்டிகளில் முன்பக்கம் இருக்கும் பவர் சுவிட்சுக்கு 230 வோல்ட் மின்சாரம் நேராக வருகிறது. இன்றைய கணினியில் பொத்தானுக்கு வருவது 5 வோல்ட்; பழசில் வருவது வீட்டு லைன். மூடி திறந்து கிடந்தால் குழந்தையின் விரல் எட்டும் தூரத்தில் அந்த ஒயர் இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியை எந்தப் பள்ளியிலும் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பிறகு அது காயலான் கடைக்குத்தான் போகும், கிலோ கணக்கில். பழைய கணினிகள் பாதி இப்படித்தான் அழிந்தன. மூளை கெட்டு அல்ல, மூடி இல்லாமல்.

அவனும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊர்களில் ஹார்டுவேர் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். 3 மி.மீ. திருகாணி கொடுத்தார்கள், துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. 4 மி.மீ. கொடுத்தார்கள், நுழையவே இல்லை. ஒரு கடையில் தேடிப்பிடித்து 3.5 மி.மீ. கொடுத்தார்கள். சரியாக நுழைந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அப்படியே இறுகி நின்றுவிட்டது. இன்னொரு கடைக்காரர் சுலபமான வழி சொன்னார்: "துளையைக் கொஞ்சம் பெரிசாக்கி நாலு எம்.எம். மரை போட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேலை." அதற்குத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. என்னிடம் வந்தான்.

நுழைகிறது, ஆனால் இறுகுகிறது. பருமன் சரி, புரியிடைத் தூரம் தப்பு. இயற்பியல் அவ்வளவுதான், ஒரு வரியில் முடிந்துவிட்டது. மெட்ரிக் நாட்டில், மெட்ரிக் கடையில், மெட்ரிக் திருகாணி ஏன் சேரவில்லை என்பதற்குத்தான் இருநூறு வருஷத்துக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டி போட்டிருந்த கல் தோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் திருகும் சுரை தொலைந்தால் பாட்டி என்ன செய்வாள்? தோட்டை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போவாள். அவர் அந்தத் தண்டுக்கென்றே புதுசாக ஒரு சுரை செய்து தருவார். வலது தோட்டின் சுரை இடது தோட்டுக்கு ஏறாது. ஒவ்வொன்றும் கையால் வெட்டிய மரை. உலகத்தில் இருந்த எல்லாத் திருகாணிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. இங்கிலாந்தின் பட்டறைகளிலும் ஒரு போல்ட்டுக்கு ஒரே நட்டுதான் ஜோடி. ஜோடி மாறிவிடாமல் இருக்க அடையாளம் போட்டு வைப்பார்கள். இயந்திரத்தைப் பிரித்து மாட்டும்போது கலந்துவிட்டால் அன்றைய பொழுது அதிலேயே போகும்.

1800ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். தன் பட்டறையில் துல்லியமாக அளக்க ஒரு திருகு அளவியும் செய்து மேசைமேல் வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் லார்ட் சான்சலர். நாட்டின் மிகப் பெரிய நீதிபதி! அளவில் தகராறு வந்தால் அது சொல்வதுதான் தீர்ப்பு. நம் லேபில் இருந்த திருகு அளவி அந்த நீதிபதியின் பேரப்பிள்ளை.

மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்தவர் ஜோசப் கிளமெண்ட். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் பாபேஜ் என்ற பெயரைக் கணினிப் புத்தகத்தின் முதல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் கனவு கண்ட வேறுபாட்டு இயந்திரத்தின் பித்தளைச் சக்கரங்களை உண்மையில் கடைந்துகொண்டிருந்தவர் இந்தக் கிளமெண்ட்தான். ஒரு குறிப்பிட்ட பருமனுக்கு இத்தனை புரி என்று தன் பட்டறையில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். பணத் தகராறில் 1833இல் வேலை நின்றுபோனது, இயந்திரமும் முடியவில்லை. ஆனால் அதே பட்டறையில் சில காலம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் என்ற இளைஞர் அந்த ஒழுங்கை மனதில் வாங்கிக்கொண்டார். 1841இல் அவர் நாடு முழுக்கப் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, சராசரி எடுத்து, இனி எல்லோரும் இந்த அளவிலேயே வெட்டுங்கள், புரியின் கோணம் 55 பாகை என்று ஒரு பட்டியல் கொடுத்தார். உலகத்தில் ஒரு நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட முதல் திருகாணி அளவு அது.

எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம். முதல் கணிப்பொறியைச் செய்ய முயன்ற அதே பட்டறையின் வழியாகத்தான் திருகாணிகளும் ஒழுங்குக்கு வந்திருக்கின்றன. கணினியும் திருகாணியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

விட்வொர்த் மரை ரயிலேறி நம் ஊருக்கு வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியதே, அந்தத் தண்டவாளங்களோடும் இன்ஜின்களோடும் அங்குலமும் நம் வட ஆற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்து பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கடையில் போய் அரை அங்குல போல்ட் வேண்டுமென்றால் "நாலு நூல்" என்றுதான் கேட்கிறோம். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். தச்சர், கொத்தனார், வெல்டிங் பட்டறைக்காரர் எல்லோருக்கும் நூல் கணக்கு அத்துப்படி.

இதற்கிடையில் அமெரிக்கா தன் வழியில் போனது. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர், 55 பாகை அளப்பதற்குக் கஷ்டம், 60 பாகை சுலபம், சாதாரணத் தொழிலாளியே வெட்டிவிடுவான் என்று வேறொரு மரையைச் சொன்னார். அது அங்கே நிலைத்தது. இரண்டும் அங்குலம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அரை அங்குல போல்ட்டில் பிரிட்டனுக்கு ஒரு அங்குலத்தில் 12 புரி, அமெரிக்காவுக்கு 13. ஐரோப்பா மில்லிமீட்டரோடு தனியே நின்றது.

நுண்ணிய கருவிகளுக்கு விட்வொர்த் மரை முரடாக இருந்ததால் 1884இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் சின்னத் திருகாணிகளுக்கென ஒரு வரிசை வகுத்தது. சுருக்கமாகப் பி.ஏ. மரை. தந்தி, தொலைபேசி, வால்வு ரேடியோ, ஆய்வகக் கருவிகள் என்று பிரிட்டன் வழி வந்த பழைய சாமான்களில் இதைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், பெயரில் பிரிட்டிஷ் இருந்தாலும் இது பிறப்பால் மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலிலிருந்து வாங்கியது. பூஜ்யம் எண் பி.ஏ. திருகாணி சரியாக 6 மி.மீ. பருமன், 1 மி.மீ. புரியிடைத் தூரம். அடுத்தடுத்த எண்ணுக்குப் புரியிடைத் தூரம் 0.9 மடங்காகக் குறைந்துகொண்டே போகும். பெருக்குத் தொடர் எதற்கு மிஸ் என்று கணக்கு டீச்சரிடம் கேட்டவர்களுக்கு இதோ பதில்.

இந்த ஒட்டாமையின் விலை இரண்டாம் உலகப் போரில்தான் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் பேக்கார்ட் கார் நிறுவனம் செய்யத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகள் அங்கே கிடைக்கவில்லை. கருவிகளையே அவர்கள் தாங்களாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகு, 1948இல், அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பொதுவான ஓர் அங்குல மரைக்குக் கையெழுத்துப் போட்டன. கோணம் அமெரிக்கர்களின் 60 பாகை.

நாம் அந்தப் பக்கம் போகவில்லை. சுதந்திர இந்தியா 1956இல் எடைகள், அளவைகள் சட்டம் போட்டு மெட்ரிக் முறையைத் தேர்ந்தெடுத்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் மீட்டரும் வந்தன. வீசை, பலம், கஜம் எல்லாம் போயின. அங்குலத்தைப் பற்றியும் அப்பா சொல்வார், "அதெல்லாம் மலையேறிப் போச்சும்மா" என்று. பாவம், எந்த மலை என்று அவருக்குத் தெரியாது.

நம் மலைதான்!

காவலூர் வானாய்வகத்துக்கு நான் அழைத்துப் போகாத வகுப்பு உங்களில் எதுவும் இருக்காது. வைணு பாப்பு இடம் தேடி அலைந்து, நகர வெளிச்சம் எட்டாத இந்தச் சந்தனக்காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே வேலையைத் தொடங்கிய 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1977 மார்ச் 10இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்து கண்டுபிடித்த அதே இரவில், காவலூரிலும் அந்தத் தொலைநோக்கி வழியே பதிவு செய்தார்கள். ஜெர்மன் கருவி, ஆகவே அதன் மரை மில்லிமீட்டர். பிறகு நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி. 1986 ஜனவரி 6இல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். அது மெட்ரிக் இந்தியாவின் பிள்ளை.

ஆனால் அந்த இரவுகளின் படங்களையும் நிறமாலைகளையும் கணக்குப் போட 1980களில் அங்கே ஒரு கணினி இருந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் நிறுவனம் செய்த வாக்ஸ் 11/780. பீரோ பீரோவாக நிற்கும் இயந்திரம். அது அங்குலத்தில் பிறந்தது. பலகைகளைச் சட்டத்தில் பிடிக்கும் திருகாணிகள் 10-32 என்ற அமெரிக்க அளவு. அதாவது பத்தாம் எண் பருமன், ஒரு அங்குலத்தில் 32 புரி. சமவெளியில் சட்டம் போட்டு நிறுத்திய அங்குலம் கணினியின் தோளில் ஏறி நம் மலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு கணக்குப் பாருங்கள், எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. அமெரிக்க 10-32 திருகாணியின் பருமன் 4.83 மி.மீ., புரியிடைத் தூரம் 0.794 மி.மீ. பிரிட்டனின் இரண்டாம் எண் பி.ஏ. பருமன் 4.7, புரியிடைத் தூரம் 0.81. மெட்ரிக் எம்5 என்றால் பருமன் 5, புரியிடைத் தூரம் 0.8. மூன்றையும் உள்ளங்கையில் வைத்தால் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. மூன்று நாடு, மூன்று சரித்திரம், தலைமுடிப் பருமன் கணக்கில்தான் வேறுபாடு. 10-32 திருகாணி எம்5 நட்டுக்குள் ஏறிவிடும், ஆனால் தளர்ந்து நிற்கும். எம்5 திருகாணியை 10-32 துளைக்குள் வலுக்கட்டாயமாகச் செலுத்தினால் துளையின் மரை செத்துவிடும். கண்ணை நம்பாதே, அளந்து பார் என்று வகுப்பில் கத்தியது இதற்குத்தான்.

வானாய்வகத்து வாக்ஸை நாம் தொட்டதில்லை. பள்ளிகளுக்கு வந்த கணினிகளின் கதை வேறு. 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தை 250 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதற்கு எடுத்துக்கொண்டது பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ. தட்டச்சுப் பலகையும் கணினியும் ஒரே பெட்டி. அதன் மூடியைக் கழற்ற வேண்டிய நான்கு இடங்களில், பின்னால் இரண்டு, அடியில் இரண்டு, ஃபிக்ஸ் என்றே அச்சாகியிருக்கும். உள்ளே புதுப்புது சில்லுகளைச் செருகிக்கொள்ளட்டும் என்று திறப்பதற்காகவே செய்த பெட்டி அது. அதனாலேயே உலகம் முழுக்கப் பழைய பிபிசி மைக்ரோக்களில் அந்த நான்கில் இரண்டாவது காணாமல் போயிருக்கும். அடிக்கடி திறந்தவர்கள் மறுபடி மாட்டச் சோம்பல்பட்டிருப்பார்கள். எந்தக் கணினியை ஆசையோடு குடைந்தார்களோ அதன் திருகாணிதான் தொலைந்திருக்கிறது. அலமாரியில் பூட்டி வைத்ததற்கு எல்லாமே பத்திரம்.

பிறகு ஐபிஎம் பிசி இனம் வந்து மற்றதையெல்லாம் ஓரங்கட்டியது. 1981 ஆகஸ்டில் வந்த அந்தக் கணினியின் சுற்றுப்படங்களை நிறுவனமே அச்சிட்டு விற்றதால், அதைப் பார்த்து ஊர் உலகமே நகல் செய்யத் தொடங்கியது. தைவானில் செய்தார்கள், பிறகு சீனாவில் செய்தார்கள். இரண்டும் மெட்ரிக் நாடுகள். ஆனாலும் பெட்டியின் மூடிக்கு அமெரிக்க 6-32 மரையையே வைத்தார்கள். நகல் எடுப்பவனுக்கு மரையை மாற்ற என்ன அவசரம்? அப்படியாக, அங்குலமே இல்லாத நாட்டில் செய்து, அங்குலத்தைச் சட்டப்படி நிறுத்திய நாட்டில் விற்ற பெட்டிக்குள் அங்குலம் சௌகரியமாக வாழ்ந்தது. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் மேசைக் கணினியின் பின்பக்கத்துத் திருகாணியும் அநேகமாக அதுதான்.

போதாக்குறைக்கு ஒரே பெட்டிக்குள் இன்னொரு மரையும் குடித்தனம் செய்கிறது. ஹார்ட் டிஸ்க் அமெரிக்க நிறுவனங்களின் வளர்ப்பு, அதன் பக்கவாட்டில் 6-32. மூணரை அங்குல பிளாப்பியும் சிடி டிரைவும் ஜப்பானியர் கையில் வளர்ந்தவை, அவற்றில் எம்3. அந்த பிளாப்பியே ஒரு பொய் பேசுகிறது. ஊரெல்லாம் மூணரை அங்குலம் என்று சொல்லும் அந்தத் தட்டின் உண்மையான அகலம் 90 மி.மீ. பேச்சு அங்குலம், பிறப்பு மில்லிமீட்டர். 6-32ஐ எம்3 துளையில் திருகினால் டிரைவ் பாழ். எம்3ஐ 6-32 துளையில் போட்டால் லொடலொட. கணினிக் கடைக்காரர்கள் இரண்டையும் பெரிய மரை, சின்ன மரை என்று சொல்லித் தனித்தனி டப்பாவில் வைத்திருப்பார்கள். பெயர் தெரியாமலே சரியாகச் செய்கிற கெட்டிக்காரர்கள்.

இப்போது நம் பையனின் 386க்கு வருகிறேன். கடைக்காரர் தந்த 3.5 மி.மீ. ஏன் இறுகியது என்று உங்களுக்கே இந்நேரம் புரிந்திருக்கும். மெட்ரிக் எம்3.5க்குப் புரியிடைத் தூரம் 0.6. 6-32க்கு 0.79. பருமன் இரண்டுக்கும் 3.5தான். இரண்டு சுற்று வரை பொறுத்துப் போகும், பிறகு புரி புரியோடு மோதும்.

தொலைந்த திருகாணியின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவன் கேட்டான். துளைக்குள் திருகு அளவி நுழையாதே! வழி பெட்டியிலேயே இருந்தது. அதன் பின்பக்கத்தில் பவர் சப்ளையைப் பிடித்துக்கொண்டு நான்கு திருகாணிகள் அப்படியே இருந்தன. இந்த இனப் பெட்டிகளில் மூடிக்கும் பவர் சப்ளைக்கும் ஒரே மரைதான். அதில் ஒன்றைக் கழற்றினோம். என் பழைய திருகு அளவியை எடுத்து, சுழிப்பிழை பார்த்து (ஆமாம், இன்னும் பார்க்கிறேன்), பருமனை அளந்தேன். 3.5க்கு ஒரு துளி குறைவு. திருகாணி நீளம் குறைவு, பத்துப் புரி அதில் இல்லை. ஈரச் சோப்பில் ஒருமுறை பக்கவாட்டில் அழுத்தி எடுத்தால் பள்ளங்கள் வரிசையாகப் பதிந்துவிடும், எண்ணச் சுலபம். ஐந்து இடைவெளி 4 மி.மீ.க்கு மயிரிழை குறைவாக வந்தது. ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 0.6 அல்ல, 0.79 பக்கம். மூடியின் துளையில் அதையே விரலால் திருகிப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரே வேண்டியிருக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அப்புறம் தேட வேண்டியது ஹார்டுவேர் கடையில் அல்ல. செத்துப்போன கணினி எங்கே கிடக்கிறதோ அங்கே. வாணியம்பாடியில் ஒரு காயலான் கடை. மழையில் நனைந்த பெட்டிகள் மலை மாதிரி. ஒரு பவர் சப்ளைக்கு நான்கு திருகாணி, இரண்டு பவர் சப்ளைக்கு எட்டு. வேண்டியது ஆறு. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "ஸ்க்ரூவுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம்.

ரெண்டு துருப்பிடித்திருந்தன. பையன் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் தேய்த்தான். புதுசாகப் பளபளவென்று ஆறு வாங்க இணையத்தில் வழியுண்டு, 6-32 என்று எழுதித் தேடினால் நூறு நூறாக விற்கிறார்கள். பழைய பெட்டிக்குப் பழையதே போடுவோம் என்றான் அவன். எனக்கும் சரி என்றே பட்டது.

துளையைப் பெரிதாக்கச் சொன்னாரே அந்தக் கடைக்காரர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மோட்டார் பம்புக்கு அதுதான் சரியான யோசனை. ஆனால் பழைய பொருளில் துளையின் மரையும் ஒரு சாட்சி. எந்த நாட்டு அளவில், யாரைப் பார்த்து நகலெடுத்து இது செய்யப்பட்டது என்று அந்தப் பொருள் தானே சொல்லும் ஒரே இடம் பல நேரம் அதுதான். பெயர்ப்பலகை உதிர்ந்துவிடும், ரசீது கரையானுக்குப் போய்விடும். கோயில் கல்வெட்டின்மேல் வெள்ளையடிக்காதே என்று சொல்கிறோம் அல்லவா, அதே சங்கதி, கொஞ்சம் சின்ன அளவில்.

பழைய கணினியைப் பிரிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிளாஸ்டிக் பெட்டிகளில் திருகாணி தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கும். அதைத் திரும்ப மாட்டும்போது எடுத்தவுடன் வலப்பக்கம் திருகாதீர்கள். முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று இறங்கும். பழைய பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புதுப் பள்ளம் வெட்டி, நாலாவது தடவை பிடிமானமே இருக்காது. அடுத்தது, 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்குமே, அந்த மாதிரி மடிக்கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் எம்2, எம்2.5 என்ற பொடித் திருகாணிகள். ஒரே பருமனில் நீளம் மட்டும் மாறும். நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டால் நுனி போய் போர்டைக் குத்தும். ஒரு தாளில் பெட்டியின் படம் வரைந்து, எடுத்த திருகாணியை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

386 இப்போது மூடியோடு மலைப்பள்ளி நூலகத்தில் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள் பையனிடம் சொன்னால் கூட்டிப்போய்க் காட்டுவான். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அதில் தன் பெயரை அடித்துவிட்டு, இதை அழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவனுக்கு ஆசை அடங்கவில்லை. நேற்று போன் செய்தான். யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிபிசி மைக்ரோ கிடைத்திருக்கிறதாம். நல்ல நிலையில் இருக்கிறதாம், ஃபிக்ஸ் என்று எழுதிய நான்கு இடமும் காலி. உங்களில் யாராவது 1980களில் அந்தக் கணினி வந்த பள்ளியில் படித்தோ வேலை பார்த்தோ இருந்தால், அதன் திருகாணி ஒன்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆணியோடும் கொக்கியோடும் கலந்து கிடக்கிறதா என்று கொட்டிப் பாருங்கள். நான்கும் வேண்டாம். ஒன்று கிடைத்தால் போதும், அளந்து மற்ற மூன்றையும் நாங்கள் தேடிக்கொள்வோம்.